சாமான் வாங்காமல் தொடங்குங்கள்: கடலூரிலும் பாண்டியிலும் விழா ஏற்பாட்டுத் தொழில்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பி.காம். முடித்துவிட்டு ஒரு கல்யாண மண்டப அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறீர்கள். கையில் 3 லட்சம் சேமிப்பு இருக்கிறது. கல்யாணம், வளைகாப்பு, காதணி விழா, பிறந்தநாள் என்று முழுப் பொறுப்பெடுத்து நடத்தித் தரும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்க ஆசை. என்ன வாங்குவது, கட்டணம் எப்படி வைப்பது, என்ன பதிவு வேண்டும், கடலூரா பாண்டியா, மைக் செட் வைத்திருக்கும் மாமா மகனைப் பார்ட்னராகச் சேர்க்கலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

தாராளமாகத் தொடங்கலாம். மண்டபக் கணக்கு எழுதியவருக்கு இந்தத் தொழிலில் பாதி ஏற்கெனவே தெரியும். எந்தச் சமையல் மாஸ்டர் நேரத்துக்குப் பந்தி போடுவார், எந்தப் பந்தல்காரர் முதல் நாள் இரவு பத்து மணிக்கு மேல்தான் வண்டி அனுப்புவார், எந்த வீட்டார் பேலன்ஸ் பணத்துக்கு அலையவிடுவார்கள் என்பதெல்லாம் நீங்கள் கண்ணால் பார்த்தவை. புதிதாக வருபவர்கள் அடிபட்டுத்தான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

என்ன வாங்குவது என்ற கேள்விக்கு என் பதில், எதையும் வாங்காதீர்கள் என்பதுதான். 3 லட்சத்தில் இரண்டு மேடை செட், கொஞ்சம் சீரியல் லைட், நூறு நாற்காலி வாங்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். கடலூரில் பந்தல் சாமான் வைத்திருப்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களிடம் குடோன் இருக்கிறது, வண்டி இருக்கிறது, ஏற்றி இறக்க ஆள் இருக்கிறது. உங்களிடம் இது மூன்றும் இல்லை. கடற்கரை ஊரின் உப்புக் காற்றில் இரும்பு ஃபிரேம் சீக்கிரம் துருப்பிடிக்கும். மேடை அலங்காரத்தின் மோஸ்தரும் வருஷத்துக்கு வருஷம் மாறும். போன வருஷம் எல்லோரும் கேட்ட செட்டை இந்த வருஷம் யாரும் கேட்க மாட்டார்கள். அது உங்கள் வீட்டு மாடியில்தான் கிடக்கும்.

நம் ஊரில் இல்லாதது வேறு. முகூர்த்த நாள் காலை நான்கு மணிக்கு மண்டபத்தில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். மாலை வந்ததா என்று ஒருவர் கேட்பார். ஐயர் நெய் கேட்பார். பெண்ணுக்கு மேக்கப் போடுபவர் அறையில் பிளக் பாயின்ட் வேலை செய்யவில்லை என்பார். ஜெனரேட்டருக்கு டீசல் யார் கணக்கு என்று சண்டை நடக்கும். அத்தனைக்கும் ஓடுவது பெண்ணின் அப்பா. மகளின் கல்யாணத்தை அவர் நின்று பார்ப்பதே இல்லை. அந்த மனிதர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மனையில் நிம்மதியாக உட்கார்ந்து தாரை வார்க்க வேண்டும். அதற்காகத்தான் உங்களுக்குப் பணம் தருகிறார்கள். நீங்கள் விற்பது பொறுப்பு. அதற்கு மூலதனம் ஒரு நோட்டு, ஒரு போன், உங்கள் சொல்லை மதிக்கும் பத்து வியாபாரிகள், முகூர்த்த நாளில் உங்களுடன் நிற்க நம்பிக்கையான இரண்டு பேர்.

அடுத்தது கட்டணம். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழி மாறிப் போகிறார்கள். ஆர்டர் பிடித்துத் தந்தவருக்குப் பந்தல்காரரும் கேட்டரிங்காரரும் போட்டோகிராபரும் ஒரு தொகை தருவது இந்தத் தொழிலில் வழக்கம். "எங்களுக்கு எதுவும் தர வேண்டாம், சும்மாவே ஏற்பாடு செய்து தருகிறோம்" என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டு இந்தக் கமிஷனிலேயே பிழைப்பவர்கள் உண்டு. சுலபமான வழிதான். ஆனால் சாம்பாரில் உப்பு அதிகமான அன்று, கமிஷன் வாங்கிய வாயால் அந்த மாஸ்டரைத் தட்டிக் கேட்க முடியாது. நீங்கள் வீட்டார் பக்கம் நிற்க வேண்டியவர். வியாபாரியிடம் காசு வாங்கினால் அவர் பக்கம் நிற்கிறவராக ஆகிவிடுவீர்கள். விஷயம் வெளியே வராமலும் இருக்காது. கடலூரில் சம்பந்திக்குச் சம்பந்தி தெரிந்தவர்கள், இரண்டாவது கல்யாணத்திலேயே தெரிந்துவிடும்.

அதனால் முதல் நாளிலிருந்தே வெளிப்படையாகக் கூலி கேட்கப் பழகுங்கள். ஒரு தாளில் மண்டபம், சமையல், பந்தல், மேளம், பூ, போட்டோ என்று ஒவ்வொருவருடைய விலையையும் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். கடைசி வரியில் உங்கள் கட்டணத்தை எழுதுங்கள். எல்லோரும் பேரம் பேசப்போவது அந்தக் கடைசி வரியில்தான். அப்போது குறைக்காமல், அந்தத் தொகைக்கு எத்தனை முறை நேரில் வருவீர்கள், அன்று எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை எத்தனை பேர் நிற்பீர்கள், இலை எண்ணுவது யார், சீர்வரிசைச் சாமானுக்கும் நகை அறைச் சாவிக்கும் யார் பொறுப்பு என்று சொல்லுங்கள். நியாயமான ஆள் ஒத்துக்கொள்வார். தொடக்கத்தில் முழுத் திட்டமிடலும் கேட்டு யாரும் வர மாட்டார்கள். "எல்லாம் நீங்களே பேசி வைத்துவிட்டீர்கள், முதல் நாள் மாலையிலிருந்து மறுநாள் மண்டபத்தைக் காலி செய்யும் வரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அந்த ஒன்றரை நாள் பொறுப்பை மட்டும் ஒரு தொகைக்கு எடுங்கள். அதில்தான் பெயர் கிடைக்கும்.

வரிக் கணக்கும் இதே வழியைத்தான் காட்டுகிறது. நீங்கள் கணக்குப் படித்தவர், சட்டென்று புரியும். 10 லட்ச ரூபாய் கல்யாணம் ஒன்றை எடுக்கிறீர்கள், மொத்தப் பணமும் உங்கள் கணக்குக்கு வந்து அங்கிருந்து எல்லோருக்கும் போகிறது, மொத்தத்துக்கும் உங்கள் பெயரில் பில் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். இரண்டே கல்யாணத்தில் வரம்பைத் தொட்டுவிடுவீர்கள். பதிவு செய்த பிறகு விழா ஏற்பாட்டுக்கு 18 சதவீதம். கேட்டரிங்காரர் தனியே பில் போட்டிருந்தால் சாப்பாட்டுக்கு 5 சதவீதத்தில் முடிந்திருக்கும், அதே சாப்பாடு உங்கள் பில்லில் வந்தால் 18 ஆகிவிடுகிறது. ஒவ்வொரு வியாபாரியும் வீட்டார் பெயரில் நேராக பில் போட்டு நேராகப் பணம் வாங்கி, நீங்கள் உங்கள் கட்டணத்துக்கு மட்டும் பில் போட்டால் உங்கள் வரவு 80,000 அல்லது ஒரு லட்சம்தான். வரி, பொறுப்பு, தலைவலி எல்லாமே அதற்கு மட்டும்தான். கடலூருக்கு ஒரு பெயர், பாண்டிக்கு ஒரு பெயர் என்று பிரித்தாலும் பான் எண் ஒன்றாக இருந்தால் வரம்புக் கணக்கு சேர்ந்தேதான் வரும்.

இன்னொன்றும் உண்டு. சிறு தொழில் செய்பவர்கள் முழுக் கணக்குப் புத்தகம் இல்லாமல், வரவில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டி வருமானவரி கட்டும் வசதி இருக்கிறது. கமிஷன், தரகு வருமானத்துக்கு அந்த வசதி கிடையாது.

கடலூரா பாண்டியா? அலுவலகம் கடலூரில் இருக்கட்டும், வேலையை இரண்டு பக்கமும் எடுங்கள். இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இரண்டு சட்டம் இருப்பதுதான் நம் பகுதியின் சிக்கல், அதைக் கரைத்துக் குடித்தவருக்கு அதுவே பலம். சென்னையிலிருந்து வரும் ஏற்பாட்டாளர்களுக்கு எல்லை எங்கே ஓடுகிறது என்று தெரியாது. முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாகூர் பக்கம் தமிழ்நாட்டு ஊரும் புதுச்சேரி ஊரும் மாறி மாறி வரும். பாண்டி பீச் என்று எல்லோரும் சொல்லும் செரினிட்டி பீச் கோட்டக்குப்பத்தைச் சேர்ந்தது, விழுப்புரம் மாவட்டம். ஆரோவில்லின் பெரும்பகுதியும் அப்படித்தான். அங்கே விழா வைத்தால் போலீஸ் அனுமதி, உள்ளாட்சி அனுமதி எல்லாம் தமிழ்நாட்டுப் பக்கம் போய்க் கேட்க வேண்டும். இடம் பார்க்கும்போதே எந்த வருவாய் கிராமம், எந்தக் காவல் நிலையம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மது விஷயத்தில் கறாராக இருங்கள். பாண்டியில் உரிமம் உள்ள ரிசார்ட்டில் விருந்தினருக்குப் பரிமாறலாம். அங்கே வாங்கிய பாட்டிலை எல்லை தாண்டிக் கொண்டு வந்தால் தமிழ்நாட்டில் குற்றம். ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் மாப்பிள்ளையின் நண்பர்கள் வண்டி மாட்டினால் ரிசப்ஷன் மேடையே வெறிச்சோடிப் போகும். முதல் சந்திப்பிலேயே இதை வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ள அலங்காரக்காரர் 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சாமானை எல்லை தாண்டிக் கொண்டு போனால், வாடகைச் சாமானாக இருந்தாலும் டெலிவரி சலானும் இ-வே பில்லும் வேண்டும். நீங்களே பதிவு செய்த பிறகு, பாண்டியில் நடக்கும் குடும்ப விழாவுக்குக் கடலூரிலிருந்து பில் போட்டால் அது மாநிலம் கடந்த சேவை, ஐஜிஎஸ்டி போட வேண்டும்.

பாண்டி நகருக்குள் இன்னும் சில. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டி போக முடியாது. அந்தச் சாலையை ஒட்டிய ஓட்டலில் விழா என்றால் சாமான் இறக்குவதை அதற்கு முன்பே முடிக்க வேண்டும். பிரெஞ்சுத் தெருக்களில் லாரி திரும்பாது, குட்டி யானை வண்டிதான். லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருப்பதால் நகரின் பெரும்பகுதியில் ட்ரோன் இஷ்டத்துக்குப் பறக்க முடியாது, போட்டோகிராபர் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசின் ட்ரோன் இணையதள வரைபடத்தில் பார்த்து அனுமதி வாங்கினாரா என்று கேளுங்கள். ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நிற்க வேண்டும், இது இரண்டு பக்கமும் ஒன்றே.

அடுத்து நாள் கணக்கு. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியில் பலர் வைப்பதில்லை. மிச்ச மாதங்களிலும் நல்ல முகூர்த்தம், அதிலும் வளர்பிறை, அதிலும் ஞாயிற்றுக்கிழமை என்று எல்லோரும் ஒரே நாளைப் பிடிப்பார்கள். ஒரே நாளில் மூன்று ஆர்டர் வரும், அடுத்த ஆறு வாரம் ஒன்றும் வராது. முதல் வருஷம் ஒரு நாளுக்கு ஒரு விழாதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை எடுத்தால் இரண்டு வீட்டிலும் நீங்கள் இருக்க மாட்டீர்கள். அன்று வர முடியாது என்று நீங்கள் சொன்ன வீட்டார் கோபப்பட மாட்டார்கள், தங்கை கல்யாணத்துக்கு வருவார்கள்.

காலியான மாதங்களை நிரப்பப் பாண்டி கை கொடுக்கும். இங்கே பல குடும்பங்களில் யாராவது ஒருவர் பிரான்சில் இருக்கிறார். அங்கே பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். குடும்பத்தோடு வருவது அப்போதுதான். ஆடி முடிந்து ஆகஸ்ட் 17 வாக்கில் ஆவணி பிறக்கிறது. அதிலிருந்து அவர்கள் விமானம் ஏறும் மாதக் கடைசி வரை இருக்கும் இரண்டு வாரத்துக்குள் கல்யாணம், காதணி, மஞ்சள் நீராட்டு, அறுபதாம் கல்யாணம் எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பார்கள். ஏற்பாட்டை அங்கிருந்து வாட்ஸ்அப்பில்தான் செய்ய வேண்டும் என்பதால் இங்கே நம்பிக்கையான ஓர் ஆள் அவர்களுக்குக் கட்டாயம் தேவை. உங்களுக்குச் சரியான வாடிக்கையாளர் அவர்கள். மண்டபம் பார்த்து வீடியோ அனுப்புங்கள், ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமையில் கணக்கு அனுப்புங்கள், போதும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஆடி தடையில்லை, ஆனால் தவக்காலத்தில் வைக்க மாட்டார்கள். பரங்கிப்பேட்டை போன்ற ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களுக்கு நாட்காட்டியே வேறு, ரமலானைத் தவிர்த்தால் மற்றபடி நம் முகூர்த்தக் கணக்கு அங்கே பொருந்தாது. மூன்று நாட்காட்டியையும் சுவரில் மாட்டி வைத்து வருஷத்தைத் திட்டமிடுங்கள். பாண்டி ரிசார்ட்டுகளில் வெள்ளி முதல் ஞாயிறு வரை சென்னை, பெங்களூர் கூட்டம் நிரம்பும். வார நடுவில் முகூர்த்தம் அமைந்தால் அறை வாடகையைப் பேசிக் குறைக்கலாம். புத்தாண்டுக் கூட்டம் நிரம்பும் வருஷக் கடைசி வாரத்தில் குடும்ப விழாவைப் பாண்டியில் வைக்க யாராவது கேட்டால் தடுத்துச் சொல்லுங்கள்.

எங்கே தொடங்குவது என்று நீங்கள் நேரடியாகக் கேட்டால் கடலூருக்குப் பக்கத்திலுள்ள திருவந்திபுரம் என்பேன். தேவநாத சுவாமி கோயிலில் கல்யாணம் செய்வதாக வேண்டிக்கொண்டு பல மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். பெரிய முகூர்த்தத்தில் ஒரே காலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஜோடிகள். கெடிலம் ஆற்றோரத்துச் சாலை விடியற்காலையிலேயே அடைத்துக்கொள்ளும். வருகிறவர்கள் பெரும்பாலும் சாதாரணக் குடும்பங்கள், ஊர் தெரியாது. முதல் நாள் இரவு அறுபது பேர் தங்க இடம், அதிகாலை மேக்கப், மாலை, கூட்டத்தில் குடும்பத்தைப் பிரியாமல் கல்யாணம் நடக்கும் மலைக்கு அழைத்துப் போக ஒருவர், முடிந்ததும் பக்கத்திலேயே சுடச்சுட டிபன், வண்டி நிறுத்த இடம். இவ்வளவுதான் தேவை. கோயில் அலுவலகத்தில் பதிவு செய்யும்போது வயதுச் சான்று, முகவரிச் சான்று, முதல் திருமணம் என்பதற்கான சான்று போன்றவை கேட்பார்கள். முன்கூட்டியே பட்டியல் வாங்கி அனுப்பினால் அவர்கள் ஒரு முறை வீணாக அலைவது மிச்சம். தமிழ்நாட்டில் திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், கோயில் ரசீதையும் அழைப்பிதழையும் பத்திரமாக வைக்கச் சொல்லி அதற்கும் வழிகாட்டலாம். சின்னக் கட்டணம்தான் கிடைக்கும், ஆனால் சாமானோ குடோனோ தேவையில்லை, ஒரே காலையில் வேலை முடியும். பத்து குடும்பம் வாய்வழியாகச் சொன்னால் அடுத்த முகூர்த்தம் தானாக வரும்.

வயதுச் சான்று என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோயில் கேட்டாலும் கேட்காவிட்டாலும், மண்டபக் கல்யாணமானாலும், பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 முடிந்ததற்கான சான்றை நீங்கள் கையில் வாங்காமல் அட்வான்ஸ் வாங்காதீர்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைத் திருமணத்தை நடத்தித் தருபவருக்கும் 2 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. சட்டத்தை விடுங்கள், ஒரு சிறுமியின் படிப்பை நிறுத்தும் பந்தலுக்கு நாம் வாழை மரம் கட்டக் கூடாது. சந்தேகம் வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். பரிமாற வரும் பையன்கள் விஷயத்திலும் வயது பாருங்கள்.

மழையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30 ‘ஃபெஞ்சல்’ புயல் இரண்டும் நம் கரையில்தான் ஏறின. ஃபெஞ்சலில் பாண்டியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. ஐப்பசி, கார்த்திகையில் புல்வெளி மேடை, கடற்கரை ரிசப்ஷன் கேட்டால் அதே வளாகத்தில் உள்ளே ஒரு ஹாலும் சேர்த்து பதிவு செய்தால்தான் எடுப்பேன் என்று சொல்லுங்கள். ஜெனரேட்டர் மேட்டில் நிற்க வேண்டும். விழா தள்ளிப்போனால் எந்த வியாபாரி அட்வான்ஸைத் திருப்புவார், யார் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்வார், யார் தர மாட்டார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, வீட்டாருக்குத் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் அட்வான்ஸ் தனிக் கணக்கில் இருக்கட்டும். வேலை முடியும் வரை அது உங்கள் பணம் இல்லை.

பதிவு விஷயம் எளிது. தனி உரிமையாளராகத் தொடங்குங்கள். ஆதாரும் பான் எண்ணும் வைத்து, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், யாருக்கும் பணம் தர வேண்டாம். தொழில் பெயரில் நடப்புக் கணக்கு. அலுவலகம் வைக்கும்போது மாநகராட்சியில் தொழில் உரிமம் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டரிங்காரரிடம் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள், பிளாஸ்டிக் விரிப்பு, கப் வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை.

கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டத்தில் பாட்டுப் போடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. கம்பெனி விழா, டிக்கெட் வைத்த புத்தாண்டு நிகழ்ச்சி போன்றவற்றுக்கு இல்லை, உரிமம் வாங்க வேண்டும். நெய்வேலி, சிப்காட் பக்கம் கம்பெனி விழாக்கள் கிடைக்கலாம், ஆனால் முதல் வருஷம் அவசரப்படாதீர்கள், பணம் மெதுவாக வரும். உங்களுக்கு உத்யம் பதிவு இருந்தால், ஒப்பந்தத்தில் அதிக நாள் போட்டிருந்தாலும் கம்பெனி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள்.

3 லட்சத்தில் பாதியை உங்கள் வீட்டுச் செலவுக்கென்று ஒதுக்கித் தொடாமல் வைத்துவிடுங்கள். ஆடியும் மார்கழியும் அதில்தான் ஓடும். மண்டப வேலையை உடனே விட வேண்டாம். முதலாளியிடம் சொல்லிவிட்டு, வேறு மண்டபங்களில் லீவு நாளில் செய்யுங்கள். அவருடைய வாடிக்கையாளர் நம்பரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், நாளைக்கு அவர்தான் உங்களைப் பரிந்துரைக்கப் போகிறவர். மீதிப் பணத்தில் இரண்டு வாக்கி டாக்கி, முதலுதவிப் பெட்டி, நீள ஒயர், ஊசி நூல், சேஃப்டி பின் எல்லாம் அடங்கிய ஒரு பை, நல்ல போட்டோ எடுக்கும் போன், உதவி ஆட்களுக்கு அன்றன்று கூலி. கடன் வாங்க வேண்டாம்.

மாமா மகன் விஷயம். பார்ட்னராக வேண்டாம். அவருடைய மைக் செட் நன்றாக இருந்தால் மற்ற வியாபாரிகளைப் போலவே அவரையும் அழையுங்கள், வீட்டார் அவருக்கு நேராகப் பணம் தரட்டும். பார்ட்னர் ஆகிவிட்டால் ஒவ்வொரு விழாவுக்கும் அவர் செட்தான் போக வேண்டும், நூறு பேர் வளைகாப்புக்கு அவருடைய பெரிய பாக்ஸ் பொருந்தாவிட்டாலும் உங்களால் வேறு ஆளைச் சொல்ல முடியாது. அத்தையிடம் நீங்களே நேரில் போய்ப் பேசிவிடுங்கள். தை பிறப்பதற்குள் பேசினால் நல்லது, அந்த முகூர்த்தங்களுக்கு அவருக்கே முதல் ஆர்டரைக் கொடுக்கலாம்.